பத்து வினாடிக்குள் வரும் கோபம்

பத்து வினாடி என்பது எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாததால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கும் உடற்பயிற்சி நிலையத்தில் நான் பயிற்சியாளர். எல்லாரும் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாலா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது என் அடையாளக் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

என் கழுத்தில் எப்போதும் ஒரு டைமர் தொங்கும். முட்டை அவிக்க வாங்குவார்களே, அந்த ரகம். அதில் நான் வைப்பதெல்லாம் சின்னச் சின்ன நேரம்தான். முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி விறைப்பாகத் தாங்குவதற்கு இருபது வினாடி. தொடைத் தசையை நீட்டிப் பிடிக்க முப்பது. வேகமாக ஓடி நின்றபிறகு ஓய்வுக்கு முப்பது. படபடப்பு வந்தால் மூச்சை இழுக்க நாலு, விட ஆறு. மனசுக்குள்ளேயே எண்ணிக்கொள்ளக் கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எண்ணலாம். ஆனால் உடம்பு வலிக்கும்போது மனசு எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி எண்ணும். ஓய்வு என்றதும் அதே மனசு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு தே தாரேக் டீ குடித்துவிட்டு வரும்.

யோகா சொல்லித் தருகிறவர்களே, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்களே, ஆஸ்பத்திரி பிசியோக்களே, நான் கீழே எழுதியிருக்கும் கோபமெல்லாம் உங்களுக்கும் வந்திருக்கும். வரவில்லை என்றால் நீங்கள் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள்.

வக்கீலின் இருபது வினாடி

ஜெயராஜ் ஒரு வக்கீல். இரண்டு கட்டடம் தள்ளி ஆபீஸ். முதுகு வலிக்குப் பயிற்சி வேண்டும் என்று வந்தார். வயிற்றுத் தசை பலமாக வேண்டும், முதலில் முழங்கையை ஊன்றி இருபது வினாடி பலகை மாதிரி நில்லுங்கள் என்றேன். நின்றார். பாதியிலேயே முகம் சிவந்துவிட்டது. டைமர் அடிப்பதற்கு முன்பே பாயில் தொப்பென்று விழுந்து, “முடிஞ்சிருச்சு” என்றார். முடியவில்லை சார், இன்னும் இருக்கிறது என்று காட்டினேன். அவ்வளவுதான், கோர்ட் கூடிவிட்டது. உங்கள் டைமர் மெதுவாக ஓடுகிறது, பேட்டரி வீக், நான் தினமும் கடிகாரத்தைப் பார்த்து வாதாடுகிறவன், எனக்கு நேரம் தெரியாதா என்று குப்புறப் படுத்தபடியே வாதம்.

இதில் எனக்கு ஏன் கோபம் என்றால், அவர் பக்கத்தில் ஆறு பேர் ஒழுங்காகத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுப்பிய சந்தேகத்தைக் கேட்டதும் ஆறு பேருமே விழுந்துவிட்டார்கள். ஒரு வகுப்பையே கெடுத்தாயிற்று. சரி என்று அவருடைய கைப்பேசியையே வாங்கி, என் டைமரையும் அதையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டு, அவர் கண் முன்னால் வைத்தேன். இரண்டும் ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு வந்து, ஒரே நேரத்தில் அலறின. வக்கீல் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு தீர்ப்பு சொன்னார்: “ரெண்டுமே ஒரே ஃபேக்டரி லா கோச். ரெண்டுமே ஸ்லோ.”

சுரேஷின் மூன்று

ஏமாற்றுகிறவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் இல்லை. எங்கள் ஆட்களைச் சொன்னால்தான் எனக்கு இன்னும் கொதிக்கும். சுரேஷ் என்னோடு வேலை செய்கிற இளம் பயிற்சியாளர். நல்ல பையன், நல்ல தொண்டை. ஆனால் எண்ணத் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது, வேண்டுமென்றே தப்பாக எண்ணுவான். “அஞ்சு... நாலு... மூணு... மூணு... கமான், மூணு...” அப்படிச் செய்தால் மக்களுக்கு உற்சாகம் வருமாம். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இறுதி எண்ணிக்கை என்பது ஒரு வாக்கு, சுரேஷ். இன்னும் மூன்று வினாடிதான் என்று நம்பித்தான் ஒருவர் மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் கொட்டுகிறார். அவரை ஏமாற்றினால் அடுத்த முறை பாதிப் பலத்தை ஒளித்து வைத்துக்கொள்வார். அதற்குச் சிரித்துக்கொண்டே, “நீங்க ரொம்ப சீரியஸ் கோச்” என்பான்.

சரோஜா ஆன்டி முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பத்து வினாடி நிற்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பத்துதான், அதற்கு மேல் வேண்டாம். அன்றைக்கு நான் வேறு பக்கம் இருந்தேன். சுரேஷ் தன் மூன்றை ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது மூன்று வந்ததும் ஆன்டி கம்பியைப் பிடித்து நிதானமாக நிமிர்ந்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், காலணியை மாட்டினார். “ஆன்டி, இன்னும் முடியலையே!” என்று கத்தினான். அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்: “எங்க ஸ்கூல்ல மூணுக்கு அப்புறம் ரெண்டு லா தம்பி. உனக்கு ரெண்டு வந்தப்புறம் எனக்குப் போன் பண்ணு.”

முதலாளி மாற்றிய திரை

எங்கள் நிலையத்துச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. கூட்டாக நடக்கும் வகுப்புகளுக்கு அதில்தான் வினாடிகள் ஓடும். மத்தியான இடைவேளையில் வருகிற ஆபீஸ் ஆட்களுக்கு நான் இருபது வினாடி வேகம், முப்பது வினாடி ஓய்வு என்று வைத்திருந்தேன். அவர்களில் பாதிப் பேர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. அந்த முப்பது வினாடியில்தான் இதயம் இறங்கி வரும், மூச்சு திரும்பும். பயிற்சியில் பாதி ஓய்வுதான். இதை நான் எங்கள் முதலாளி ராஜனிடம் சொல்லியிருக்கிறேன், பலமுறை. அவர் தலையாட்டியிருக்கிறார், பலமுறை.

ஒருநாள் நான் ஒரு மூலையில் தோள்பட்டை வலிக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்து சுரேஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மணி அடிக்கிற சத்தம் என்னமோ அடிக்கடி கேட்கிறதே என்று திரும்பினேன். ஜெயா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டடத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர், சர்க்கரைக்காரர், புதிதாகச் சேர்ந்தவர். உதடு வெளுத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் சரிந்துவிட்டார். நல்லவேளை, தலை அடிபடவில்லை. பேச்சு இருந்தது. காலை உயர்த்தி வைத்து, மூச்சைப் பார்த்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளினிக்கிலிருந்து டாக்டரையே மேலே வரவழைத்தோம். சர்க்கரை இறங்கியிருந்தது. அவரைக் கவனித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். ஓய்வு: பத்து வினாடி.

மாற்றியது ராஜன். மத்தியான இடைவேளைக்குள் ஒரு வகுப்புக்குப் பதில் இரண்டு வகுப்பு நடத்தலாம் என்று, என்னிடமும் சொல்லாமல், சுரேஷிடமும் சொல்லாமல், தன் கைப்பேசியிலிருந்தே மாற்றிவிட்டார். அவர் அறைக்குள் நான் எப்படிப் போனேன், என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. கீழே சேலைக் கடையில் ஒருவர் துணி விரிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்றைக்கே திரைக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் அதைக் கேட்க வந்த ராஜன், நிஜமாகவே புரியாத முகத்தோடு கேட்டார்: “ஏன் லா இவ்ளோ கோபம், கோச்? எழுந்து நடந்துதானே போனாங்க?”

பெண்ணோடு வந்த அம்மா

நிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிள்ளானில் மண்டபம், மூன்று விதச் சேலை, அதில் ஒன்றுக்கு ஏற்கெனவே ரவிக்கை தைத்தாகிவிட்டது, அது உடம்பில் ஏறவில்லை. அதனால் அவளுடைய அம்மா அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகவில்லை, அதுதான் பிரச்சினை. ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் முப்பது வினாடி வைத்தால், டைமர் அடித்ததும், “இன்னும் பத்து” என்பார். பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்தால், “இதுக்கே இப்படின்னா?” என்பார். காலையில் பசியாறினாயா என்று நிஷாவை நான் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆன்டி, கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். இரண்டாவது முறை அவ்வளவு மரியாதையாக இல்லை. மூன்றாவது முறை நாற்காலியை எடுத்து மடக்கிவிட்டேன். அவர் ராஜனிடம் புகார் சொன்னார், ராஜன் என்னிடம் கத்தினார், நான் ராஜனிடம் கத்தினேன். கடைசியில் அம்மா கீழே, பெண் மேலே என்று முடிவானது. நிஷா சாப்பிட்டுவிட்டு வந்தாள், ஒழுங்காக ஓய்வெடுத்தாள், உடம்பு பலமானது. ரவிக்கையைத் தையல்காரர் பிரித்துத் தைத்தார். யாரும் சாகவில்லை. கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்துத் தனியாக வந்து திரும்பவும் சேர்ந்தாள். ஓய்வு நேரம், டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அவள் பாதியிலேயே எழுந்து தயாராக நின்றாள். இன்னும் நேரம் இருக்கிறதே, உட்கார் என்றேன். உட்கார்ந்தபடியே சொன்னாள்: “பழகிருச்சு கோச். இப்ப மாமியார் எண்ணுறாங்க.”

காப்பாரில் ஒரு ஹால்

சனிக்கிழமைகளில் சிலருக்கு வீட்டுக்கே போவேன். அப்படிப் போனதுதான் கிள்ளானுக்குப் பக்கத்தில், காப்பார் என்கிற ஊரில் ஆரோக்கியசாமி அங்கிள் வீடு. வருஷக்கணக்காக லோரி ஓட்டியவர். வண்டிப் புகை, சிகரெட் புகை இரண்டுமாகச் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. சிகரெட்டை விட்டுவிட்டார், நுரையீரல் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோ சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை வீட்டில் செய்ய வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. மூக்கால் இரண்டு வினாடி இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடரை அணையாமல் ஆட்டுவது போல நாலு வினாடி விட வேண்டும். மூச்சுத் திணறல் வந்தவர்கள் பயத்தில் வேகவேகமாக இழுப்பார்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகாமல் புதுக்காற்று எங்கே நுழையும்? அதற்குத்தான் டைமர். ஒவ்வொரு வினாடியும் ‘டிக்’ என்று கேட்கும்போது அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்த மாதிரி.

அங்கிள் சோபாவில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். திடீரென்று இருமல். கண்ணில் நீர். எனக்கு மாம்பழ வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால் அவருடைய மகன் வின்சென்ட், முப்பது வயது ஆள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஹால் முழுக்க வெள்ளைப் புகை. வெளியே போய் இழுங்கள் என்றேன். “இது சிகரெட் இல்ல லா அக்கா, சும்மா தண்ணி ஆவிதான்” என்றார். எனக்கு அந்த ‘சும்மா’வைக் கேட்டதும் காது அடைத்துக்கொண்டது. மேசையில் பாக்கெட் பானம் ஒன்று இருந்தது. அதன் உறிஞ்சுகுழலைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். வாயில் வையுங்கள், மூக்கை விரலால் மூடுங்கள், இந்தக் குழல் வழியாக மட்டும் முப்பது வினாடி மூச்சு விடுங்கள், முடியாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள் என்று டைமரைத் தட்டினேன்.

முதலில் சிரித்தார். பத்து வினாடியில் சிரிப்பு நின்றது. அப்புறம் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. டைமர் அடிப்பதற்கு முன்பே குழலைத் துப்பிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றை விழுங்கினார். “உங்க அப்பாவுக்கு நாள் முழுக்க இப்படித்தான். அவருக்குத் துப்புறதுக்குக் குழல் இல்ல” என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். இன்றைக்கும் அவர் இழுக்கிறார், ஆனால் கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்று. அன்றைக்கு மகன் போன திசையைப் பார்த்தபடியே அங்கிள் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: “நானும் ஊதுறேன், அவனும் ஊதுறான். நான் உசுரோட இருக்கிறதுக்கு ஊதுறேம்மா.”

கிள்ளானில் மனநல வகுப்பு

கிள்ளானில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பெட்டி கட்டி அனுப்புகிற இடம். நூற்றுக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள், நம் ஆட்களும் மலாய்க்காரர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும். ஊழியர்களின் மனநலத்துக்காக மூச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும் என்று அங்கே மனிதவளப் பிரிவில் இருக்கும் ஷர்மினி என்ற அதிகாரி கூப்பிட்டார். சந்தோஷமாகப் போனேன். நல்ல விஷயம்தானே? கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தவுடனே வியர்த்துக்கொட்டியது. இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று ஓடவில்லை. சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். தோளைத் தளர்த்துங்கள், நாலு வினாடி இழுங்கள், ஆறு வினாடி விடுங்கள். முப்பது வினாடியில் மூன்று மூச்சு. சிலர் கண்ணை மூடினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா அப்படியே தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை.

முடிகிற நேரத்தில் ஷர்மினி மைக்கை வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து சாயங்கால டீ இடைவேளை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மணி அடிக்கும், கோச் சொல்லிக்கொடுத்த மாதிரி நின்ற இடத்திலேயே முப்பது வினாடி மூச்சுப் பயிற்சி செய்து புத்துணர்ச்சி அடையலாம் என்று அறிவித்தார். கைதட்டச் சொன்னார். யாரும் தட்டவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அவர்களுடைய டீயைப் பிடுங்க வந்தவள் என்கிற மாதிரி. மைக்கைத் திரும்ப வாங்கினேன். தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், புரியாதவர் யாரும் இருக்கக் கூடாது என்று ஆங்கிலத்திலும் சொன்னேன்: “இந்தப் பயிற்சி ஓய்வோடு சேர்த்துச் செய்றது. ஓய்வுக்குப் பதிலா செய்றது இல்ல. அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கல. உட்காரணும், தண்ணி குடிக்கணும், வெளிக்காத்து வாங்கணும். அதுக்கு முப்பது வினாடி பத்தாது.” ஷர்மினி சிரித்த முகம் மாறாமல் மைக்கை அணைத்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

ஆனால் என்னை விடவும் இல்லை. சில வாரம் கழித்து, அங்கே வேலை செய்கிற லெட்சுமி அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர். ‘முப்பது வினாடிப் புத்துணர்ச்சி.’ டைமரைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. வளையலைப் பார்த்தே தெரிந்தது. முகத்தை வெட்டிவிட்டார்கள். உடனே ஷர்மினிக்கு ஃபோன் அடித்து, என் கையை இறக்கு, இல்லாவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்கு நானே போகிறேன் என்று சொன்னேன். போஸ்டர் இறங்கியது. பிறகு அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டமாகப் போய்ப் பேசி டீ நேரத்தில் பாதியை மீட்டார்கள். பாதிதான். படத்தோடு லெட்சுமி அக்கா அனுப்பியிருந்த குரல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை: “டீச்சர், நீங்க சொன்ன மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முப்பது வினாடியில டாய்லெட் கதவுகிட்டகூடப் போக முடியலையே, அதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?”

பத்து, ஒன்பது, எட்டு

கவிதா இப்போது கிள்ளானில் தன் அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். போலீஸில் ரிப்போர்ட் செய்தாயிற்று, வழக்கு நடக்கிறது, ரயிலேறி வேலைக்கு வந்து போகிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது உங்களுக்கும் மூச்சு முட்டும். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஆபீஸில் கிளார்க். சாயங்காலத்தில் என் வகுப்புக்கு வருவாள். நன்றாகச் செய்வாள். ஆனால் ஓய்வு வினாடி ஓடும்போது மட்டும் அவளுக்கு மூச்சு மோசமாகும். எல்லாருக்கும் இறங்குகிற நேரத்தில் இவளுக்கு ஏறும். ஆஸ்துமாவோ என்று டாக்டரிடம் அனுப்பினேன். நுரையீரல் சுத்தம், இது பதற்றம் என்று சொல்லி அனுப்பினார். பிறகுதான் கவனித்தேன். ஓய்வு வந்தால் கைப்பேசியைப் பார்க்கிறாள். பார்த்ததும்தான் இப்படி ஆகிறது.

ஒருநாள் கையைப் பிடித்து, என்னம்மா அதில் இருக்கிறது என்றேன். காட்டினாள். புருஷனிடமிருந்து செய்தி. வேறு எதுவும் இல்லை, எண் மட்டும். 10. கொஞ்சம் தள்ளி, 9. அப்புறம் 8. அவன் கூப்பிட்டு இவள் எடுக்காவிட்டால் எண்ண ஆரம்பித்துவிடுவானாம். “சைபர் வந்தா வீட்டுக் கதவப் பூட்டிருவாரு கோச். ஒரு தடவ படிக்கட்டுலதான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்” என்றாள், ஏதோ பஸ் லேட் என்று சொல்வது மாதிரி. நான் பிழைப்பு நடத்துகிற அதே எண்கள். மனுஷர்கள் மூச்சு விடட்டும் என்று நான் எண்ணுகிறேன். ஒருத்தியின் மூச்சை நிறுத்துவதற்கு ஒருவன் எண்ணுகிறான். எனக்கு வந்த கோபத்துக்குத் தமிழில் வார்த்தை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவளிடம் அதைக் காட்டவில்லை. கைப்பேசியைக் குப்புற வைத்தேன். என் டைமரை அவள் உள்ளங்கையில் வைத்து, இதை மட்டும் பார், நாலு இழு, ஆறு விடு என்றேன். முதல் மூச்சு உடைந்து உடைந்து வந்தது. மூன்றாவது மூச்சில் தோள் இறங்கியது. “அக்காவுக்குப் போன் பண்ணவா?” என்று அவளே கேட்டாள். அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன்.

அக்கா காரில் கிள்ளானிலிருந்து கிளம்பிவிட்டார். அவர் வருவதற்குள் புருஷன் வந்துவிட்டான். கீழே தெருவை அடைத்துக் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். நானும் சுரேஷும் அவளோடு வாசல் படிவரை இறங்கினோம். “இது எங்க குடும்ப விஷயம் அக்கா, நீங்க மேல போங்க” என்றான் என்னிடம், ரொம்பப் பணிவாக. போக மாட்டேன் என்றேன். அவன் அவளைப் பார்த்தான். பத்து விரலையும் விரித்துக் காட்டி, ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தான். பத்து. ஒன்பது. சேலைக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பூக்கடை அம்மா, பார்க்கிங் பார்க்கிறவர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து கை கழுவாமல் வந்தவர்கள், எல்லாரும் நின்றார்கள். எட்டு. ஏழு. கவிதாவின் விரல்கள் என் கையை நசுக்கின. அவள் உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக, மிக நீளமாக விட்டாள். அப்புறம் என் கையை விட்டுவிட்டு, ஒரு படி கீழே இறங்கி, தெருவே கேட்கும்படி சொன்னாள்: “எண்ணி முடிங்க. சைபருக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்கன்னு இங்க நிக்கிற எல்லாரும் பார்க்கட்டும்.”

ஊருக்கெல்லாம் நிதானமாக மூச்சு விடச் சொல்லித் தருகிற எனக்கு, போன மாதம் எங்கள் எதிர்க் கிளினிக் டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே தினமும் கொஞ்சம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.